வாலால் கண்ணைப் பொத்திக்கொள்ளும் சுறா: அது வெட்கமா, வேறா?

கேள்வி, ஏப்ரல் 3

தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சின்னச் சுறா இருக்கிறதாம். தொட்டால் வெட்கப்பட்டு உடம்பை வளைத்து வாலால் கண்ணை மூடிக்கொள்ளுமாம். என் மகள் ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுறா என்றால் துரத்தும், கடிக்கும். வெட்கப்படுகிற சுறா என்பது குழந்தைகளுக்குச் சொல்கிற கதைதானே? இருபது வருஷமாகக் காசிமேட்டில் மீன் வாங்குகிறேன். ஒரு சுறாகூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 3, இரவு

கதை இல்லை. உங்கள் மகள் சொல்வது நிஜம்.

அதன் பெயரே ஷைஷார்க், அதாவது வெட்கச்சுறா. அறிவியல் பெயர் ஹாப்ளோபிளெஃபாரஸ். இந்தப் பேரினத்தில் நாலு இனம். ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கரைகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. நாலில் அதிகம் பேசப்படுவது உடம்பெல்லாம் செம்பழுப்புப் பட்டையும் வெள்ளைப் புள்ளியுமாக இருக்கிற ஒன்று. பஃப் ஆடர் என்ற விரியன் பாம்பின் தோலைப் போல இருப்பதால் அந்தப் பாம்பின் பெயரையே வைத்துவிட்டார்கள். முழுசாக வளர்ந்தாலும் இரண்டடி நீளம்தான். பகலில் தரையோடு தரையாகக் கிடக்கும். ராத்திரியில் நண்டு, இறால், புழு, சின்ன மீன் என்று தேடித் தின்னும். மனிதனை ஒன்றும் செய்யாது.

பயந்துவிட்டால் தண்ணீரைக் குடித்து உடம்பை உப்பவைத்துக்கொள்ளும், அப்புறம் வட்டமாக வளையும். வால் முகத்தின் மேல் வந்து விழும். பார்க்கிறவர்களுக்குக் கண்ணைப் பொத்திக்கொண்ட மாதிரி தெரியும். அங்கே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் தூண்டில்காரர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஸ்காம்ஊக்'. ஸ்காம் என்றால் வெட்கம், ஊக் என்றால் கண். வெட்கக்கண். எவ்வளவு அழகான பெயர்!

ஏப்ரல் 4

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. வெட்கச்சுறா உப்பாது. இரண்டு மீன்களைக் கலந்துவிட்டேன்.

உப்புவது வேறு ஒரு சுறா. கலிபோர்னியாக் கரையில் இருக்கிற ஸ்வெல் ஷார்க். நம் பேத்தை மீன் உப்புகிற மாதிரி அதுவும் தண்ணீரைக் குடித்து வயிற்றைப் பெருக்கிக்கொள்ளும். அது செய்கிற வேலை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பாறை இடுக்குக்குள் போய், உடம்பை வளைத்து, தன் வாலைத் தானே வாயில் கவ்விக்கொண்டு உப்பும். அப்படி உப்பிய பிறகு அதை இடுக்கிலிருந்து உருவுவது ரொம்பக் கஷ்டம். தண்ணீருக்கு மேலே தூக்கினால் காற்றைக் குடித்து உப்பிக்கொள்ளும். அந்தக் காற்றை வெளியே விடும்போது நாய் குரைப்பது போலச் சத்தம் வருமாம்.

இதன் உறவுக்காரன் ஒருவன் நம் நாட்டிலும் இருக்கிறான். கேரளாவில் கொல்லத்துக்கு அப்பால், ஆழமான கடலில். 1974இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். கடல் உயிரியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ் பெயரால் செஃபலோசில்லியம் சைலாசி. ஒன்றரை அடி அளவே வளர்கிற ஒரு சுறா நம் கடலின் இருட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உப்புவது அது, வளைவது இது. குழப்பியதற்கு மன்னிக்கவும். மகளிடம் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 9

"காசிமேட்டில் பார்த்ததில்லை" என்றீர்களே, அது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படித்தது விலங்கியல். அதிகாலை மூன்று மணிக்கு ஏலம் சூடுபிடிக்கும்போது நானும் அங்கேதான் நிற்பேன். சுறாவென்றால் பால் சுறாவுக்குத்தான் கூட்டம். புட்டுக்கு அதுதான் வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று வாங்கிப் போவார்கள். கொம்பன் சுறா வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் விசைப்படகின் இழுவை மடியில் இன்னொரு சுறாவும் ஏறும். அதை யாரும் சுறாவாகவே மதிப்பதில்லை. மூங்கில் சுறா. ஒல்லியாக, சாம்பலும் பழுப்புமாக, மூக்கோரத்தில் இரண்டு மீசையோடு, ஏறக்குறைய ஒரு கை நீளம். கருவாட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் கழிசல் மீனோடு சேர்ந்து தீவனத்துக்குப் போகும்.

இன்று காலையில் மீன் பிரிக்கிற அக்கா ஒருவரின் கூடையில் ஒன்று உயிரோடு கிடந்தது. இந்த இனங்களுக்கு உயிர் கெட்டி. தண்ணீருக்கு வெளியே மணிக்கணக்கில் தாங்கும். நான் நடு உடம்பில் கை வைத்துத் தூக்கினேன். உடனே வளைந்தது. தலையும் வாலும் என் மணிக்கட்டைச் சுற்றி ஒன்றையொன்று தொட்டுவிட்டன. தோல் ஒரு பக்கம் தடவினால் வழவழ, எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள். வால் நுனி சரியாகக் கண்ணுக்குப் பக்கத்தில்.

"பாருங்கக்கா, வெட்கப்படுது" என்றேன்.

"இன்னா சார் வெக்கம்? உயிருக்குப் பயந்துனு கீது" என்றார், கத்தியை எடுக்காமலே.

ஆகவே நம் கடலிலும் இது இருக்கிறது என்றே நினைக்கிறேன். மூங்கில் சுறாவும் வெட்கச்சுறா செய்வதையே செய்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. இன்று நள்ளிரவோடு 61 நாள் தடை ஆரம்பம். ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. நான் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இனி ஜூனில்தான் முடியும்.

ஏப்ரல் 27

"அது வெட்கமே இல்லை, தொட்டாற்சிணுங்கி மாதிரி வெறும் எதிர்வினை" என்று பழவேற்காட்டு நண்பர் எழுதியிருக்கிறார். இதைப் பற்றி நாலைந்து நாளாக யோசித்தேன்.

வெட்கம் என்பது நாம் வைத்த பேர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வெறும்" என்ற சொல்லை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில், செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம், சின்ன வயதில் வேலியோரத்தில் முள்ளெலியைப் பார்த்திருக்கிறேன். நாய் பக்கத்தில் வந்தால் உருண்டையாகிவிடும். நாய் மூக்கை வைத்துப் பார்க்கும், கத்தும், சுற்றும், சலித்துப் போய்விடும். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வரும். அழுங்கும் இதையே செய்கிறது. மழைக்காலத்தில் சுவரோரத்து மரவட்டையைத் தொட்டால் அதுவும் சுருள்கிறது. முள்ளெலிக்கு முள், அழுங்குக்கு ஓடு, மரவட்டைக்கு நாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் உண்டு. வெட்கச்சுறாவிடம் என்ன இருக்கிறது?

வடிவம். அவ்வளவுதான். நீளமான மீனை முழுங்குவது எளிது. தலையிலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வட்டமாக நிற்கிற மீனை முழுங்க அதே வாய் போதாது. அதை முழுங்க வருகிறவர்களில் முக்கியமானது அந்தக் கடலின் ஏழுசெவுள் சுறா. மற்ற சுறாக்களுக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவு, இதற்கு ஏழு. வெட்கச்சுறாவைவிடப் பல மடங்கு பெரியது. அந்த வாய்க்கு முன்னால் கயிற்றைப் போல நீண்டு கிடக்காமல் வளையமாகிவிடுவதே இதன் காவல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் கண்ணை மூடுவது நோக்கமே இல்லை. வளையம் போட்டால் வால் எங்கேயாவது வந்து விழுந்துதானே ஆக வேண்டும்? அது முகத்தில் விழுகிறது. அவ்வளவுதான்.

இதை எழுதிவிட்டு நிறுத்த நினைத்தேன். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் கடலில் ரோம நீர்நாய்கள் உண்டு. சீல் என்று சொல்கிறோமே, அதேதான். அவை வெட்கச்சுறாவைப் பிடிப்பது பல சமயம் பசிக்காக இல்லை. மேலே கொண்டுவந்து காற்றில் தூக்கி எறியும். விழுந்ததும் மறுபடி பிடிக்கும். கடித்துப் பார்க்கும், விடும், திரும்ப எறியும். சுறா பெரும்பாலும் காயப்பட்டோ செத்தோ போகிறது. முழுங்க நினைக்கிறவனுக்குத்தான் வளையம் இடைஞ்சல். விளையாட நினைக்கிறவனுக்கு அது எறிய வாகான ஒரு சக்கரம். கோடிக்கணக்கான வருஷம் பழகிய ஒரு தற்காப்பு, எதிராளியின் எண்ணம் மாறினதும் அவனுக்கே தோதாகிவிடுகிறது.

தூண்டில்காரர்கள் விஷயமும் அப்படித்தான். இந்தச் சுறாவை அங்கே யாரும் சாப்பிடுவதில்லை. வேறு மீனுக்குப் போட்ட இரையைத் தின்றுவிடுகிறது என்று எரிச்சல் வேறு. சிலர் கழற்றிக் கடலில் விடுகிறார்கள், சிலர் பாறையில் அடித்துப் போட்டுவிடுகிறார்கள். கையில் வளையமாகி நிற்கிற ஒன்றை எப்படி அடிக்க மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் 28

நேற்று "நீர்நாய்" என்று எழுதியது சரியில்லை என்று ஒருவர் சொன்னார். சரிதான். நீர்நாய் நம் ஆற்றில் இருப்பது, வேறு குடும்பம். கடல்நாய் என்று எழுதியிருக்க வேண்டும். மற்றபடி நேற்று சொன்னதில் மாற்றமில்லை.

மே 12

இன்று சொல்லப்போவது தற்காப்பைப் பற்றி அல்ல. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெட்கச்சுறாவில் நாலு இனம் என்றேன் அல்லவா? நாலாவதன் பெயரைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஹாப்ளோபிளெஃபாரஸ் கிஸ்ட்னசாமியி. கிஸ்ட்னசாமி! நம் கிருஷ்ணசாமிதான், பழைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டில்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துக் கடலில் இருப்பது இது. நேட்டால் வெட்கச்சுறா என்று அழைக்கிறார்கள். ரொம்ப காலம் விரியன் வெட்கச்சுறாவின் இன்னொரு சாயல் என்றே நினைத்திருந்தார்கள். 2006இல் பிரெட் ஹியூமனும் லெனார்ட் கொம்பாக்னோவும் இது தனி இனம் என்று விவரித்து, டர்பனில் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த கிஸ்ட்னசாமியின் பெயரை வைத்தார்கள்.

1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸ் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. இங்கிருந்து அந்த ஊர்க் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன முதல் கப்பல். அப்போது மதராஸில் துறைமுகம் கட்டப்படவில்லை. மசூலா படகில் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்த்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அதற்குப் பின்னாலும் கப்பல் கப்பலாகப் போனார்கள். அங்கே போன பிள்ளை 'பிள்ளே' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். கிருஷ்ணசாமி கிஸ்ட்னசாமி ஆகி, கடைசியில் லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு ஒரு சுறாவின் பேராக நிற்கிறது. இவருடைய குடும்பம் எந்தக் கப்பலில் எந்த ஊரிலிருந்து போனது என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை. பேரே போதும். ராயபுரத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கடல்தான் தெரிகிறது.

கேள்வி கேட்டவருக்கு: இதை உங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மே 13

"பேர் வைத்தால் மட்டும் அது நம் சுறா ஆகிவிடுமா" என்று ஒரு கேள்வி. ஆகாது. அது அந்தக் கடலுக்குச் சொந்தம். நான் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

மே 30

தடைக்காலம் என்பதால் ராத்திரியில் நேரம் கிடைக்கிறது. முட்டையைப் பற்றிக் கொஞ்சம்.

வெட்கச்சுறாவும் மூங்கில் சுறாவும் குட்டி போடுவதில்லை, முட்டையிடுகின்றன. தோல் பை மாதிரி ஒரு கூடு. அதைப் பாறையிலோ பாசியிலோ ஒட்டிவிட்டு அம்மா போய்விடும். அடைகாப்பதெல்லாம் கிடையாது. உள்ளே குஞ்சு மாதக்கணக்கில் தனியாக வளர வேண்டும். வெட்கச்சுறாக் கூட்டை நத்தைகள் துளை போட்டு உறிஞ்சிவிடுவதும் உண்டு. ஓட முடியாது. அந்தக் கூட்டுக்குள் வளையம் போட்டுப் பயன் இல்லை, ஏற்கனவே வளைந்துதான் கிடக்கிறது. அப்படியானால் குஞ்சுக்கு என்ன காவல்?

பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவை வைத்து மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 2013இல் வெளிவந்தது. எல்லா உயிரும் மூச்சு விடும்போது தண்ணீரில் மெல்லிய மின்புலம் உண்டாகும். வேட்டையாட வருகிற மீனுக்கும் அது உண்டு. அதைப் போன்ற மின்புலத்தை முட்டைக்குப் பக்கத்தில் உண்டாக்கினார்கள். உள்ளே இருந்த குஞ்சு செவுளை அசைப்பதை நிறுத்திவிட்டது. மூச்சையே அடக்கிக்கொண்டது. வாலைச் சுருட்டி அசையாமல் இருந்தது. மூச்சு விட்டால் கூட்டின் இடுக்கு வழியாக வாசனையும் மின்சாரமும் வெளியே கசியும், எதிரி மோப்பம் பிடித்துவிடுவான் என்பதால்தான் இந்த அடக்கம்.

நான் மூன்று தடவை திரும்பப் படித்தது இதற்குப் பிறகு வருவதை. அதே மின்புலத்தைக் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி காட்டினால், குஞ்சு முன்பு அடக்கிய அளவுக்கு மூச்சை அடக்குவதில்லை. பழகிவிடுகிறது. "இது முன்னே வந்ததுதான்" என்று அதற்குத் தெரிகிறது.

பழவேற்காட்டு நண்பரே, இதையும் வெறும் எதிர்வினை என்பீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜூன் 2

அவர் பதில் எழுதிவிட்டார். "வெறும் என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எதிர்வினை என்பதை வாங்க மாட்டேன்" என்கிறார். நல்ல பதில். நானும் அங்கேயே நிற்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். விரியன் வெட்கச்சுறாவை ஒன்பது வாரம் அமிலத்தன்மை கூடிய கடல்நீரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2019இல். தோலில் உப்புத்தாள் போல இருப்பவை பல்லைப் போன்ற செதில்கள். அவற்றில் சுமார் கால்வாசி அரித்துப் போயின. சாதாரணக் கடல்நீரில் வைத்தவற்றில் அந்தச் சேதம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றில் கரியமில வாயு கூடக்கூடக் கடல் புளிக்கிறது. வளையம் போட்டால் இந்த ஆபத்து போய்விடுமா?

ஜூன் 19

படகுகள் வர ஆரம்பித்துவிட்டன. மூன்று நாளாக நிற்கக்கூட இடம் இல்லை, ஐஸ் போதவில்லை, நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியதே குறைவு. ஆனாலும் ஏப்ரல் 9 அன்று சொன்னதைச் சரிபார்த்துவிட்டேன். நான் சொன்னது தப்பு.

உயிரோடு இருந்த மூங்கில் சுறா ஐந்தை ஒவ்வொன்றாக, பாதி வெட்டிய டிரம்மில் கடல்நீர் ஊற்றி விட்டுப் பார்த்தேன். தூக்கும்போது எல்லாம் வளைகின்றன. அது உண்மை. ஆனால் வளைந்த இடத்தில் நிற்பதில்லை. இந்தப் பக்கம் வளைந்து, உடனே அந்தப் பக்கம் வளைந்து, கையை விட்டு நழுவப் பார்க்கின்றன. தண்ணீரில் விட்டதும் ஒன்றுகூட வளையம் போடவில்லை. டிரம்மின் ஓரமாகப் போய், உடம்பை ஒட்டிக்கொண்டு, அப்படியே கிடந்தன. விரலால் தொட்டேன், அசையவில்லை. வாலைத் தொட்டேன், ஒரு சாண் நகர்ந்து மறுபடி கிடந்தது. கண்ணுக்குக் கீழே இருக்கிற துளை மட்டும் திறந்து மூடியது.

தென்னாப்பிரிக்கச் சுறா வளையத்தைப் போட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் தங்கை மகன் கேப் டவுனிலிருந்து அனுப்பிய காணொளியில் தெளிவாகத் தெரிகிறது. முங்கு நீச்சல்காரர் கை பட்டதும் வளைந்தது, அப்படியே மெல்ல மெல்லப் பாசிக்காட்டுக்கு நடுவில் மணலில் இறங்கி உட்கார்ந்தது. அவர் விலகிப் போன பிறகுதான் அவிழ்ந்தது. நம்முடையது வளைவது தப்பிக்க. அதன் தற்காப்பு வளையம் இல்லை, கிடப்பு. இல்லாதது போலக் கிடப்பது. ஏப்ரலில் ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஆசையில் சொல்லிவிட்டேன். அந்த அக்கா சொன்னதுதான் சரி, பயம்.

ஆனால் இழுவை மடிக்கு இரண்டும் ஒன்றுதான். தரையை வாரிக்கொண்டு வருகிற வலைக்கு முன்னால் கிடந்தாலும் வளைந்தாலும் உள்ளேதான். மூங்கில் சுறாவுக்கு விலையும் இல்லை, சட்டக் காவலும் இல்லை. திமிங்கலச் சுறாவுக்கும் வேளா மீனுக்கும் 2001இல் சட்டம் வந்தது, இதை யார் நினைப்பார்கள்? கழிசல் குவியலில் ஒரு சாண் நீளமுள்ள குட்டிகள் கிடந்தன. குட்டியாக இருக்கும்போது உடம்பில் பட்டை பட்டையாகத் தெளிவாக இருக்கும், வளர வளர மங்கிவிடும். பட்டை மங்காதவையே நிறைய.

ஜூன் 20

நேற்று எழுத விட்டுப்போனது.

வலையை உதறும்போது அந்த அக்கா "சார், இது இன்னா பாருங்க" என்று ஒன்றை நீட்டினார். உள்ளங்கை அளவு, பழுப்பு, தோல் செருப்பின் துண்டு மாதிரி. ஓரத்தில் நார் நாராக இருந்தது, அதில் ஒரு சிப்பித் துண்டு ஒட்டியிருந்தது. மூங்கில் சுறாவின் முட்டைக்கூடு. தண்ணீரில் வைத்து, செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தேன். மஞ்சள் கரு ஒரு நிழலாகத் தெரிந்தது. அதற்கு மேலே நூல் தடிப்பில் ஒரு குஞ்சு, விடாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்காவும் குனிந்து பார்த்தார். ஐஸ் தூக்குகிற பையன்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். நான் கூட்டை மெதுவாகத் திருப்பினேன். வால் நின்றது. மின்புலமோ, வெளிச்சமோ, என் கை ஆட்டமோ, எதுவென்று நான் சொல்ல வரவில்லை. நின்றது, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் பேசாமல் பார்த்தோம். ஒரு நிமிஷம் இருக்கும். மறுபடி ஆட ஆரம்பித்தது.

"பொழச்சிக்கும்" என்றார் அக்கா.

வாளியில் கடல்நீரோடு போட்டு, நண்டு வலைக்குப் போகிற ஃபைபர் படகு அண்ணனிடம் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் வாளியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். கரையோரம் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவைத் தாண்டி, பாறை இருக்கிற இடமாகப் பார்த்துக் கையால் இறக்கி விட்டாராம். "போடல சார், வெச்சிட்டு வந்தேன்" என்றார்.